பாக்குமட்டையும் பஃபேயும்

கே: கடலூரில் பாக்குமட்டைத் தட்டு செய்யும் சிறு தொழில் தொடங்கியிருக்கிறேன். ஒரு தட்டில் லாபம், மறு தட்டில் சுற்றுச்சூழல். இரண்டும் சமமாக நிற்குமா?
- ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

ப: தட்டு செய்பவர் கேள்வியிலும் இரண்டு தட்டு வைத்துவிட்டீர்கள். தட்டு என்றாலே எனக்கு பஃபே ஞாபகம் வந்துவிடும், கூடவே ரத்தக்கொதிப்பும். பழைய வாசகர்கள் பொறுத்தருள்க.

முகூர்த்த நாளில் நம்மூர் பக்கத்துத் திருவந்திபுரம் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். ஒரே நாளில் நூறு ஜோடிக்கு மேல் தாலி ஏறும். கீழே மண்டபத்தில் இடது கையில் தட்டு, கட்டைவிரல் ரசத்தில், கக்கத்தில் தண்ணீர் பாட்டில், பல்லிடுக்கில் மொய்க் கவர். இந்தக் கோலத்தில் நிற்கும் பெரியவரிடம் போட்டோகிராபர் வந்து, "சார், கொஞ்சம் சிரிங்க" என்கிறார். சிரித்தால் மொய் சாம்பாரில் விழும். பந்தி போடுகிறோம் என்பவர்களாவது உருப்படியா? ராமாபுரத்து வாழைத் தோப்பு பக்கத்திலேயே இருக்க, நடுநரம்பு வரை அச்சடித்த, பிளாஸ்டிக் பூசிய பேப்பரை இலை என்று விரிக்கிறார்கள். மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சாம்பாருக்கு அந்த அரசாணை போய்ச் சேரவில்லை போல.

சரி, உங்கள் தராசு. லாபத் தட்டு உங்கள் பட்டறையில் இருக்கிறது. மறு தட்டு யார் வீட்டில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? நம்மூர் சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டையில் அது குடிகாடு, ஈச்சங்காடு சனங்களின் மூக்கில் இருந்தது. நாற்றத்துக்குச் சாட்சி கேட்கும் நாடு இது. அந்தப் பகுதிக் கிராமத்தார் 2004 வாக்கில் வாளிக்குள் பை வைத்துக் காற்றையே பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஆலைகளின் வரவு செலவுக் கணக்கில் அந்த வாளிக்கு இடம் கிடையாது.

உங்கள் தொழிலில் புகையும் நாற்றமும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'இயற்கை' என்று அட்டையில் அச்சடித்தால் ஆய்வகம் விட்டுவிடாது. பாக்குமட்டைத் தட்டிலிருந்து, பாக்கில் இருக்கும் அரிகோலின் என்ற ரசாயனம் போன்ற பொருள்கள் சாப்பாட்டில் இறங்கலாம், இது பாதுகாப்பானது என்று ஏற்க முடியாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. ஏற்றுமதியை நம்பி மெஷின் கடன் வாங்கியிருந்தால் முதலில் வங்கி மேனேஜரைப் பாருங்கள். உள்ளூர் விற்பனைதான் என்றாலும், சூடான ரசம் ஊற்றுவதற்கு முன் ஒரு நல்ல ஆய்வகத்தில் தட்டைக் கொடுத்துச் சோதியுங்கள். அந்தச் செலவும் விலையில் ஏறட்டும். அதை ஒளித்து மலிவாக விற்றால், மறு தட்டைச் சாப்பிடுகிறவன் வயிற்றில் வைத்ததாகிவிடும்.

மட்டை கடலூரில் விளைவதில்லை. வாழப்பாடியோ கர்நாடகமோ, எங்கிருந்து வந்தாலும் லாரி வாடகை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நம்மூர் ஈரத்துக்கு மட்டை பூசணம் பிடிக்கும். கோடையிலேயே வாங்கி, காயவைத்து அடுக்கிவிடுங்கள்.

சுண்டலுக்கும் கேசரிக்கும் உங்கள் தட்டு அழகு. சாப்பாட்டுக்கு வாழை இலைதான், அதில் சமரசம் இல்லை. பஃபேக்காரர் ஆர்டர் கொடுத்தால்? வாங்கிக்கொள்ளுங்கள், வட்டி கட்ட வேண்டாமா? பணத்தை மட்டும் முகூர்த்தம் முடிந்த கையோடு வாங்கிவிடுங்கள். ஆடி பிறந்துவிட்டால் கேட்டரிங்காரர் போனையே எடுக்கமாட்டார்.