எனக்கு வராத கணக்கு என் மகளுக்கும் வராதா?

கேள்வி: எங்களுக்கு ஒரு மகள் (12), ஒரு மகன் (10). எனக்குச் சின்ன வயதிலிருந்தே கணக்கு என்றால் பயம். மகளும் அப்படித்தான். 'நான் அம்மா மாதிரி, எனக்குக் கணக்கு வராது' என்று அவளே சொல்கிறாள். மகனை மட்டும் டியூஷனுக்கு அனுப்புகிறோம். 'வராத பிள்ளையை எதுக்குப் படுத்தணும்?' என்கிறார் கணவர். தினமும் நானே அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், கடைசியில் இருவரும் அழுவதுதான் மிச்சம். இதெல்லாம் பிறவியிலேயே இருப்பதுதானே, விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், சகோதரி. ஆனால் நீங்கள் சொல்லிக்கொடுப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்.

கோபப்படாதீர்கள், காரணம் இருக்கிறது. எரின் மலோனி, சியான் பெய்லாக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2015-இல் வெளியானது. கணக்குப் பயம் உள்ள பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவிய வீடுகளில், குழந்தைகள் அந்த ஆண்டு கற்றது குறைவு, வருட முடிவில் பயம் அதிகம். அதே பயமுள்ள பெற்றோர் அவ்வளவாக உதவாத வீடுகளில் இந்தப் பாதிப்பு தெரியவில்லை. எல்லாமே பிறவியில் வருவதென்றால் இந்த வித்தியாசம் வருவானேன்? நம் பெருமூச்சு, விடை தப்பானதும் மாறும் முகம், 'நானும் இதில்தான் மாட்டினேன்' என்ற ஆறுதல் எல்லாவற்றையும் பிள்ளைகள் பாடத்தோடு சேர்த்தே படித்துவிடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறவியில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. சிலருக்குச் சட்டென்று பிடிபடும், சிலருக்கு நேரமாகும். உங்கள் மகள் எந்த ரகம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஏனென்றால் தம்பிக்கு டியூஷன், அக்காவுக்குக் கண்ணீர். இப்படியே இரண்டு வருடம் போனால் அவன் மதிப்பெண் கூடும், அவளுடையது குறையும். 'அப்பவே சொன்னோமே' என்பீர்கள். நம்பிக்கையை வைத்து முடிவெடுத்துவிட்டு, அந்த முடிவின் விளைவையே நம்பிக்கைக்குச் சாட்சியாகக் காட்டுவது என்ன நியாயம்? 1982-இல் ஜாக்குலின் எக்லஸ் குழுவினர் கண்டதும் இதையொட்டியதுதான். தனக்குக் கணக்கு வருமா என்று பிள்ளைகள் தம்மைப் பற்றி நினைப்பது, அவர்கள் முன்பு வாங்கிய மதிப்பெண்களைவிடப் பெற்றோரின் கருத்தோடுதான் அதிகம் ஒட்டியிருந்தது.

சரி, என்ன செய்யலாம்? அவள் எங்கே தடுக்கி விழுந்தாள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பெரும்பாலும் பின்னத்திலோ வகுத்தலிலோ இருக்கும். 10 வயதில் இவை இரண்டும் எவ்வளவு புரிந்திருந்தன என்பதை வைத்தே உயர்நிலைப் பள்ளிக் கணக்கு எப்படியிருக்கும் என்று ஓரளவு கணிக்கலாம் என்று 2012-இல் ராபர்ட் சீக்லர் குழுவினர் காட்டினார்கள். ஏழாம் வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்ப அரைக்காமல் அங்கே போய்த் தொடங்கட்டும். சொல்லித்தருபவர் கணக்குக்குப் பயப்படாதவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா, பக்கத்து வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் சரி.

அப்புறம், 'இவ என்னை மாதிரி' என்று அவள் காதுபட இனி சொல்லாதீர்கள், செல்லமாகக்கூட வேண்டாம். டியூஷன் என்றால் இருவருக்கும். ஒருவருக்குத்தான் பணம் இருக்கிறது என்று கணவர் சொன்னால், இந்த வருடம் அது மகளுக்குப் போகட்டும்.