நைட்டிக்கு எதற்குச் சிவப்பு வட்டம்?

கேள்வி: நான் தமிழாசிரியர். ‘அம்மாவின் பழைய நைட்டியைப் போர்த்திக்கொண்டுதான் தம்பி தூங்குவான்’ என்று ஒரு மாணவி கட்டுரையில் எழுதியிருந்தாள். நைட்டியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு ‘இரவு உடை’ என்று திருத்தினேன். நைட்டி என்பது நம்மவர்கள் சிதைத்து உண்டாக்கிய அரைகுறை ஆங்கிலம். பகலெல்லாம் உடுத்துவதற்கு அந்தப் பெயர் பொருந்தவும் இல்லை. ஆங்கிலம்தான் வேண்டுமென்றால் ‘பைஜாமா’ போல முறையான ஆங்கிலச் சொல்லாக எழுதலாமே? உங்கள் இதழிலும் ‘நைட்டி’ தென்படுகிறது. நீங்களே இப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யலாம். இனியும் செய்வோம். ஐயா, நீங்கள் சிதைவு என்று சொல்வது அசல் ஆங்கிலம். முறையான ஆங்கிலம் என்று சொல்வது நம் பக்கத்திலிருந்து அங்கே போன சொல். இரண்டையும் இடம் மாற்றி வைத்துக்கொண்டு மாணவியின் நோட்டில் வட்டம் போட்டிருக்கிறீர்கள்.

நைட்டியை நம்மவர்கள் உண்டாக்கவில்லை. ‘நைட் கவுன்’, ‘நைட் டிரெஸ்’ என்ற நீளப் பெயர்களைக் கத்தரித்து, ‘ஆன்ட்’டை ‘ஆன்ட்டி’ ஆக்குகிற அதே செல்ல ஈற்றை ஒட்டி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆங்கிலேயர்கள் வீட்டுக்குள் பேசிய சொல் அது. ஆங்கில அகராதிகளிலும் அதற்கு இடம் உண்டு, பேச்சு வழக்கு என்ற குறிப்போடு. பேச்சு வழக்கு என்றால் பிழை என்று பொருள் இல்லை. யாரோடு, எந்த நெருக்கத்தில் பேசும்போது அந்தச் சொல் வரும் என்பதைத்தான் அந்தக் குறிப்பு சொல்கிறது.

இனி பைஜாமா. அதிலுள்ள ‘பை’ பாரசீக மொழியில் கால், ‘ஜாமா’ உடை. காலுக்கான உடை, அவ்வளவுதான். இந்தப் ‘பை’யும் வடமொழிப் ‘பாத’மும் ஒரே வேரில் பிறந்தவை. ‘டீப்பாய்’ என்கிறோமே, அதன் கடைசியில் நிற்பதும் இதே கால்தான். முன்னால் இருக்கும் ‘டீ’ குடிக்கிற டீ இல்லை. இந்தி ‘தீன்’, அதாவது மூன்று. முக்காலிதான் டீப்பாய். வடக்கே கயிற்றுக் கட்டிலைச் ‘சார்பாய்’ என்பதும் நான்கு கால் என்ற பொருளில்தான். ஆக, படுக்கிற கட்டிலுக்கும் உடுத்துகிற பைஜாமாவுக்கும் கால் ஒன்றே.

இந்தப் பைஜாமா முதலில் தூங்குவதற்கான உடையே அல்ல. இடுப்பில் நாடா கட்டி அணியும் தளர்ந்த கால்சட்டை; வெளியே போகவும் வரவும் உடுத்துவது. இந்தியாவில் இருந்த ஐரோப்பியர்கள் அதை வீட்டு உடையாகவும் படுக்கை உடையாகவும் எடுத்துக்கொண்டார்கள். கோவாவில் இருந்த போர்த்துக்கீசியர்கள் நீளக் கால்சட்டை இல்லாமல் உறங்குவதே இல்லை என்று, 1610 வாக்கில் பிரெஞ்சுப் பயணி ஒருவர் சொல்லியிருக்கிறார். இந்தத் தகவலை எடுத்துக் காட்டுவது, யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கில-இந்தியச் சொல் அகராதி. அதே பதிவில் ஒரு லண்டன் தையற்காரரும் வருகிறார். சில பைஜாமாக்களில் பாதத்தையும் மூடிக் காலுறை போலத் தைத்திருக்கிறதே, ஏன் என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். ‘கறையானுக்காக என்று நினைக்கிறேன், ஐயா’ என்றாராம். ஒரு சொல்லும் ஒரு துணியும் ஊர் விட்டு ஊர் போகும்போது பொருள் எப்படியெல்லாம் மாறிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல காட்சியை நான் படித்ததில்லை.

அங்கே போன பிறகும் அந்தச் சொல்லைச் சும்மா விடவில்லை. கால் இரண்டு என்பதால் பன்மையாக்கினார்கள். மேல்சட்டையையும் அதற்குள் சேர்த்தார்கள். நம் பக்கத்தில் பைஜாமா என்றால் இன்றும் இடுப்புக்குக் கீழேதான். பிறகு ‘ஜாமீஸ்’ என்றும், முதலெழுத்துகளை மட்டும் எடுத்துப் ‘பி.ஜே.’ என்றும் கொஞ்சினார்கள். பிரிட்டிஷ் குழந்தைகளின் ‘ஜிம்ஜாம்ஸ்’ இன்னும் விசித்திரமானது. குடி முற்றியவருக்கு வரும் நடுக்கத்துக்கு வைத்த பெயர், ஒலி ஒத்துப்போன ஒரே காரணத்தால் குழந்தையின் படுக்கை உடைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு எந்த ஆசிரியரும் வட்டம் போட்டு நிறுத்தவில்லை.

பகலில் உடுத்துவதை நைட்டி எனலாமா என்பது உங்கள் அடுத்த குறை. ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தைப் பாருங்கள். மெக்பெத் சீமாட்டி தூக்கத்தில் நடக்கும்போது, படுக்கையை விட்டு எழுந்து ‘நைட் கவுனை’ மேலே போட்டுக்கொண்டாள் என்கிறாள் பணிப்பெண். எழுந்த பிறகு போட்டுக்கொண்டாள்! அந்தக் காலத்து நைட் கவுன், உறங்க அல்ல, எழுந்ததும் மேலே அணியும் அங்கி. 18-ஆம் நூற்றாண்டிலோ பெண்கள் பகலில் வெளியே உடுத்திச் சென்ற ஒருவகைக் கவுனுக்கும் அதே பெயர்தான். பெயரில் இரவு இருப்பதால் பகலில் ஆகாது என்று அந்தச் சொல்லைப் பிறப்பித்தவர்களே நினைக்கவில்லை. தமிழிலும் நைட்டி பொழுதைக் குறிப்பதை விட்டு, தோளிலிருந்து கணுக்கால்வரை தொங்கும் தளர்ந்த உடையின் வடிவத்தைக் குறிக்கத் தொடங்கி நாளாகிவிட்டது. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வேர் தெரியும். இன்றைய பொருள் தெரியாது. ‘நெக்லிஜே’ என்ற பிரெஞ்சுப் பெயரைப் பிரித்தால் ‘கவனிக்காமல் விட்டது’ என்று வரும். அலங்கரித்துக்கொள்ளாமல் இயல்பாக இருக்கும்போது அணிவது என்ற பொருளில் வந்த பெயர் அது. இன்றோ அது மெல்லிய, அழகிய இரவு அங்கி.

‘இரவு உடை’ மோசமான சொல் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனையில் சேரும்போது கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியலில் அதுதான் சரி. ஆண், பெண், குழந்தை எல்லோருக்கும் பொருந்தும். ஆனால் அது ‘நைட் டிரெஸ்’ஸின் நேர் மொழிபெயர்ப்பு, எழுத்துதான் தமிழ், நினைப்பு ஆங்கிலம். அதைக் கொண்டுபோய் மாணவியின் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘அம்மாவின் பழைய இரவு உடையைப் போர்த்திக்கொண்டுதான் தம்பி தூங்குவான்.’ துவைத்துத் துவைத்து நைந்த துணி போய்விட்டது. அம்மாவின் வாசம் போய்விட்டது. அந்தப் பையன் எதைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறான் என்பதே தெரியாமல் போய்விட்டது. அந்த வீட்டில் அந்தத் துணிக்கு வேறு பெயர் கிடையாது. மாணவி அதைத்தான் எழுதியிருக்கிறாள்.

ஒற்றுப் பிழை இருந்தால் திருத்துங்கள், வாக்கியம் முடியாமல் நின்றால் சுட்டிக்காட்டுங்கள். இந்த ஒரு வட்டத்தை மட்டும் நாளை அவள் எதிரிலேயே அடித்துவிட்டு, குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுங்கள்.