பீர்க்கங்காய்: கேட்டவையும் என் பதில்களும்

பூ நிறைய வருகிறது, எல்லாம் கொட்டிவிடுகிறது. என்ன உரம் போடலாம்?

கொட்டுவது ஆண்பூ. கொத்தாக வரும், மலர்ந்த மறுநாள் உதிரும், அவ்வளவுதான் அதன் ஆயுள். தனியாக வந்து, அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பதே பெண்பூ. அது பிந்தித்தான் வரும். உரம் வேண்டாம். யூரியா போட்டால் இலைதான் தழைக்கும்.

பெண்பூ வருகிறது, பிஞ்சு வெம்பி விழுகிறது. தினமும் காலையில் கையால் மகரந்தம் தடவுகிறேன்.

காலையில் ஏன்? பீர்க்கு மலர்வது சாயங்காலம். காலையில் மலர்வது அதன் பங்காளி நுரைபீர்க்கு. பொழுது சாயும்போது புதிதாக விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழ்களைப் பின்னால் மடக்கி, பெண்பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெல்லத் தடவுங்கள். மஞ்சள் தூள் ஒட்டியது கண்ணுக்கே தெரியும். மூன்று நான்கு நாளில் பிஞ்சு நீண்டால் பிடித்துவிட்டது.

காய் கசக்கிறது. உப்பில் ஊறவைத்தால் போகுமா?

போகாது, வேகவைத்தாலும் போகாது. அது குக்கர்பிட்டாசின் என்ற நச்சு. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். நறுக்குமுன் ஒவ்வொரு காயிலும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வையுங்கள். கசந்தால் துப்புங்கள், காயைக் குப்பையில் போடுங்கள்.

வேலியோரம் பேய்ப்பீர்க்கு, அந்தக் கசப்புக் காட்டுப் பீர்க்கு, படர்ந்திருக்கிறது. அதன் மகரந்தம் பட்டுத்தான் என் காய் கசந்தது.

இல்லை. நாம் தின்னும் சதை முழுக்கத் தாய்க்கொடியின் உடம்பு. அப்பன் யாரென்பது உள்ளே இருக்கும் விதையில் மட்டும்தான் தெரியும்.

படிப்பு வேறு, அனுபவம் வேறு ஐயா. போன வருஷம் தேனாக இருந்த காயின் விதைதான் இது. இப்போது கசப்பு!

விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பேய்ப்பீர்க்கின் மகரந்தம் போன வருஷமே கலந்தது. அன்று விதைக்குள் இருந்தது, இன்று கொடியாகி நிற்கிறது.

அப்படியென்றால் ஒரே கொடியில் ஒன்று கசந்து இன்னொன்று கசக்காதது எப்படி? மழுப்பாதீர்கள்.

நல்ல கேள்வி, மழுப்பவில்லை. கடும் வெயில், தண்ணீர்த் தட்டுப்பாடு இவற்றில் அந்த நச்சு கூடும். எல்லாக் காயிலும் ஒரே அளவில் இருக்காது. விதை எடுப்பதானால், மலரப்போகும் ஆண்பூ, பெண்பூ இரண்டையும் மதியமே பையால் மூடுங்கள். மாலையில் தடவிவிட்டுப் பெண்பூவை மறுபடி மூடுங்கள். பேய்ப்பீர்க்கைப் பிடுங்கினால் இன்னும் நல்லது. அதில் நமக்குள் சண்டையே இல்லை.

பூ கொட்டுகிறது, எந்த உரம்…

மேலே முதல் பதில்.

காய்க்குள் புழு.

பழ ஈ. பிஞ்சிலேயே காகிதப் பை கட்டுங்கள். சொத்தைக் காயைக் கொடியடியில் விடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாகத் திரும்பும்.

தோலைத் தின்னலாமா?

பிஞ்சானால் தாராளமாக. தோலில் துருத்தும் வரிகளை மட்டும் சீவிவிட்டு, வதக்கி அரையுங்கள்.

கொஞ்சம்தான் கசக்கிறது. தேங்காய் சேர்த்தால்?

குப்பை.

எனக்கும் பூ கொட்டுகிறது.

கொட்டட்டும்.

பறிக்க மறந்து காய் முற்றிவிட்டது.

நகம் இறங்காவிட்டால் சமையலுக்கு ஆகாது. கொடியிலேயே காயவிட்டுத் தோலை உரியுங்கள், உள்ளே நார்க்கூடு இருக்கும். விதையை உதறிவிட்டு முதுகு தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்துக்கும் ஆகும்.