பினாங்குல ஃபேக்டரி ஏன் குவிஞ்சது? வட்டாரமும் தொழிலும் பத்தி கேள்வி பதில்

வணக்கம். பினாங்கு தொழிற்பேட்டைங்களும் அதுங்களுக்கு சாமான் செஞ்சு குடுக்கிற சின்ன பட்டறைங்களும்தான் என்னோட ஆராய்ச்சி. தெரிஞ்சத சொல்றேன், கேளுங்க. ஷேர், வீடு விலை பத்தி மட்டும் வேணாம், அது என் வேலை இல்ல.

பட்டர்வொர்த் வாசி: அக்கா, பாயான் லெப்பாஸ் அந்தக் காலத்துல வயலும் கம்பமும் (கிராமமும்)தானே, அங்க போயி அமெரிக்காக்காரன் ஏன் சிப் ஃபேக்டரி போட்டான்?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்றேன். பினாங்கு பொழச்சதே துறைமுகத்தாலதான், வரியில்லா துறைமுகம்ங்கிற அந்தஸ்து 1969ல போச்சு, வேலையில்லாத் திண்டாட்டம் தலைக்கு மேல போச்சு. அதே வருஷம் லிம் சொங் இயூ முதலமைச்சரா வந்தாரு, பினாங்கு மேம்பாட்டுக் கழகம், எல்லாரும் பிடிசின்னு சொல்றது, அதுவும் அப்பதான் தொடங்குச்சு. 1971ல சுதந்திர வர்த்தக வலயச் சட்டம் (ஏற்றுமதி ஃபேக்டரிங்களுக்கு வரிச் சலுகை குடுக்கிற இடங்களுக்கான சட்டம்), 1972ல பாயான் லெப்பாஸ் வலயம், நாட்டுலயே முதல்ல வந்தது அதுதான். இன்டெல், ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், எச்பி, போஷ், ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரானிக்ஸ்னு எட்டு கம்பெனி வந்துச்சு, அதைத்தான் "எட்டு சாமுராய்"னு சொல்லுவாங்க.

இது இங்க நடந்த கதை, அமெரிக்காவுல என்ன நடந்துச்சுன்னும் பாக்கணும். அப்ப சிப்புக்கு மைக்ரோஸ்கோப்ல கண்ண வச்சு தலைமுடிய விட மெல்லிசான தங்கக் கம்பிய ஒட்டணும், எல்லாம் கை வேலை, அமெரிக்காவுல அதுக்கு கூலி கட்டுப்படியாகல. ஜெர்மன்காரர் ஆல்ஃபிரட் வெபர் 1909ல சொன்னது என்னன்னா, மூலப்பொருளும் சரக்கும் கனமா இருந்தா ஏத்திறக்குற செலவுதான் ஃபேக்டரி எங்க உக்காரணும்னு முடிவு பண்ணும். ஈயம் உருக்குற ஆலை துறைமுகத்துக்கிட்ட இருந்தது அதனாலதான். ஆனா சிப்புக்கு எடையே கிடையாது, ஒரு பெட்டிய பிளேன்ல போட்டா முடிஞ்சது, பாயான் லெப்பாஸ்ல ஏர்போர்ட் பக்கத்துலயே இருக்கு. அதனால தூரம் பெரிய விஷயமா இல்ல, கூலியும், இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளும், சொன்னா உடனே செஞ்சு குடுக்கிற மாநில ஆபீஸும்தான் கணக்குல வந்துச்சு.

எம்ஏ மாணவி, கேஎல்: அக்கா ஆராய்ச்சிக்கு ஒரு தலைப்பு குடுங்களேன் ப்ளீஸ்.

நீங்க தினம் பஸ்ல கடந்து போற தொழிற்பேட்டையில இறங்கி ஒரு நாள் நடங்க, தலைப்பு கிடைக்கும்.

கணக்கு புலி: பினாங்கு மாநிலப் புள்ளிவிவரத்த எடுத்து எலக்ட்ரானிக்ஸ் செறிவு கணக்கு போட்டுட்டேன், தேசிய சராசரிய விட ரொம்ப மேல வருது. இத வட்டாரக் குவியல்னு, அதாவது ஒரே தொழில் ஒரு வட்டாரத்துல கூடி நிக்குதுன்னு எழுதலாமா?

எழுதாதீங்க. இத நான் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பேன்: மாநில எல்லைய வட்டாரம்னு எடுத்துக்காதீங்க. 1996ல திறந்த கூலிம் ஹைடெக் பார்க் பக்கத்து மாநிலம் கெடாவுல இருக்கு, ஆனா அதோட எஞ்சினியருங்க, சப்ளையருங்க, லாரிங்க பாதி பினாங்குலேர்ந்துதான் போகுது. சுங்கை பட்டாணியிலேர்ந்து, பாரிட் புந்தார்லேர்ந்து விடியறதுக்கு முன்னாடி ஃபேக்டரி பஸ் இந்தப் பக்கம் வருது. நீங்க மாநிலக் கோட்டுல வெட்டுனா கெடா பக்கத்து கூலிம் தனியா, பினாங்கு பக்கத்து பிறை தனியா நிக்கும். கோட்ட மாத்துனா விடை மாறும், இதைப் பத்தி புவியியல்ல பல வருஷமா எழுதிட்டாங்க. யார் யார்கிட்ட வாங்குறா, யார் எங்கேர்ந்து வேலைக்கு வர்றாங்கன்னு முதல்ல பாருங்க, கோடு அதுக்கப்புறம்.

சுங்கை வே அண்ணன்: என்னம்மா சுத்தி சுத்தி பேசுற, எல்லாம் லிம் சொங் இயூ ஒருத்தராலதான். அவர் இல்லன்னா பினாங்கு இன்னைக்கும் மீன்பிடிதான்.

கிள்ளான்காரன்: அதெல்லாம் ஒன்னும் இல்ல, வரி விலக்கு குடுத்தா எவனும் வருவான். சட்டம் போட்டது கேஎல், மத்திய அரசு.

ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்றேன். கிள்ளான்காரரே, அதே சட்டம், அதே வரிச் சலுகை சிலாங்கூர்ல சுங்கை வேக்கும் உண்டு, மலாக்காவுல பத்து பெரண்டாமுக்கும் உண்டு. வரி மட்டும்தான் காரணம்னா மூணு இடமும் ஒரே மாதிரி வளந்திருக்கணுமே? மலாயா பல்கலைக்கழகத்துல இருந்த ராஜா ரசியா பினாங்கையும் கேஎல் சுத்தியிருக்கிற கிள்ளான் பள்ளத்தாக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஆராய்ச்சி பண்ணாரு. பினாங்குல உள்ளூர் சப்ளையருங்களோட தொடர்பு ஆழமா இருந்துச்சு, அதுக்குக் காரணம் பிடிசியும் கம்பெனிங்களும் உக்காந்து பேசி ஒருங்கிணைச்சதுதான்னு காட்டுனாரு. 1989ல பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் வந்துச்சு, போட்டி கம்பெனிங்களே ஒன்னா சேந்து ஆளுங்களுக்கு பயிற்சி குடுத்தாங்க. வரி விலக்கு இதைப் பண்ணாது.

அண்ணே, உங்களுக்கு: லிம் சொங் இயூ பங்கு பெருசு, மறுக்கல. ஆனா 1990ல அவர் தோத்து போனதுக்கு அப்புறமும் இது நிக்குதே, எப்படி? பினாங்கு கம்பெனி குளோபெட்ரானிக்ஸ தொடங்குனவங்க இன்டெல்ல வேலை பாத்தவங்க. இன்னொரு பினாங்கு கம்பெனி விட்ராக்ஸ தொடங்குனவங்க எச்பி-அஜிலெண்ட் (எச்பியிலேர்ந்து பிரிஞ்ச கம்பெனி) வழியா வந்த எஞ்சினியருங்க. ஒரு கம்பெனியில கத்துக்கிட்டு வெளிய வந்து பக்கத்துலயே தனியா போடுறாங்க, பழைய பாஸ்கிட்டயே முதல் ஆர்டர் வாங்குறாங்க. அந்தப் பழக்கம் ஊர்ல தங்கிடுச்சு, அதான் நிக்குது.

சுங்கை வே அண்ணன்: தலைவர் இல்லாம பழக்கம் எங்கேர்ந்து வரும்?

பிறை பிள்ளை: நீங்க தலைவர், சட்டம்னு சண்டை போடுறீங்க. எங்கம்மா தோட்டத்துலேர்ந்து வந்து ஃபேக்டரியில ராத்திரி ஷிப்டு பாத்து கண்ணு கெட்டுப்போச்சு. அவங்க எங்க உங்க கதையில?

தம்பி, இந்த சண்டையில கேக்க வேண்டிய கேள்வி நீ கேட்டதுதான். அந்த மைக்ரோஸ்கோப்ல உக்காந்தது பூரா இளம் பொண்ணுங்க, கம்பத்துலேர்ந்தும் தோட்டத்துலேர்ந்தும் வந்தவங்க. "சின்ன கை, பொறுமை ஜாஸ்தி"ன்னு சொல்லி கம்மி கூலிக்கு எடுத்தாங்க. பிரிட்டிஷ் புவியியலாளர் டோரீன் மேஸி 1984லேயே எழுதுனாங்க, தொழில் இடம் மாறும்போது வேலையும் ரெண்டா பிரியும், முடிவெடுக்குற மூளை வேலை ஒரு ஊர்ல, கை வேலை இன்னொரு ஊர்ல. நான் இன்னும் ஒன்னு சேத்துக்குவேன், ஒரே ஊருக்குள்ளயும் அது பிரியும். ஜார்ஜ்டவுன்ல ஹார்டுவேர் கடையோ லேத்து பட்டறையோ வச்சிருந்தவங்களுக்கு கடன் குடுக்க சொந்தக்காரன் இருந்தான், ஃபேக்டரிக்கு ஜிக்கு (பாகத்தப் பிடிச்சு வைக்கிற கருவி) செஞ்சு குடுத்து சப்ளையர் ஆனாங்க. தோட்டத்து லயத்துலேர்ந்து வந்தவங்களுக்கு நிலமும் இல்ல, டவுன்ல கடையும் இல்ல, அவங்களுக்குக் கிடைச்சது சம்பளமும் ஓவர்டைமும்தான். இன்னைக்கு புது ஃபேக்டரிங்க எழும்புற பத்து காவான் ஒரு காலத்துல கரும்புத் தோட்டம், நம்ம ஆளுங்க வெட்டுன கரும்பு. வளர்ச்சின்னு எழுதுறவங்க யார் முதலாளி ஆனா, யார் கூலியாவே நின்னான்னு பிரிச்சு எழுதாட்டி அந்த ஆராய்ச்சி பாதிதான். உங்கம்மா பேச இஷ்டப்பட்டா அவங்க கதைய பதிவு பண்ணி வை தம்பி, நான் மனசார சொல்றேன்.

கிள்ளான்காரன்: சரி, வரி மட்டும் இல்லன்னு ஒத்துக்கிறேன். ஆனா சட்டம் இல்லாம ஒன்னும் நடந்திருக்காது.

சரி, அதுல எனக்கு சண்டை இல்ல.

பிஎச்டி முதல் வருஷம்: அக்கா, புதுசா ஏதாவது ஆராய்ச்சித் தலைப்பு...

மேல பாருங்க.

பத்து காவான் கனவு: அங்க இப்ப கொண்டோ வாங்கலாமா?

முதல்லயே சொல்லிட்டேன்.

சென்னை தொடர்பு: ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா மாதிரி இங்கயும் ஒரு நாள் மூடிட்டு போயிருவாங்களா?

போவாங்க, போயிருக்காங்க. பெட்டாலிங் ஜெயாவுல வெஸ்டர்ன் டிஜிட்டல் ஹார்டு டிஸ்க் ஃபேக்டரிய 2019 வாக்குல மூடுனாங்க. நோக்கியா 2006ல வந்து 2014ல மூடுச்சு. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆன் மார்க்குசன் 1996ல தொழில் வட்டாரங்கள வகை பிரிச்சாங்க, அதுல ஒன்னு வெளியூர் கம்பெனிங்களோட கிளைங்க மட்டும் வரிசையா நிக்கிற இடம், ஒன்னுக்கொன்னு பேச்சுவார்த்தை கிடையாது, கட்டளை எல்லாம் தலைமை ஆபீஸ்லேர்ந்து. அந்த மாதிரி இடம்தான் ஒரே ராத்திரியில காலியாகும். திருப்பூர் அப்படி இல்ல, அங்க நூலு, சாயம், தையல், பிரிண்டிங்னு எல்லாம் தனித்தனி முதலாளி, ஒருத்தன் போனா இன்னொருத்தன் வருவான். அங்க வேற நோவு இருக்கு, சாயக் கழிவு நொய்யல் ஆத்தக் கெடுத்ததும் அதே கூட்டம்தான். பினாங்கு கிளை ஊராத்தான் ஆரம்பிச்சது, கொஞ்சம் கொஞ்சமா இந்த ரெண்டுக்கும் நடுவுல வந்து நிக்குது.

செய்தி படிக்கிறவன்: 2021ல இன்டெல் 3000 கோடி வெள்ளி (ரிங்கிட்) போடுறோம்னு அறிவிச்சாங்களே, இனி பினாங்கு எங்கேயோ போயிரும்தானே?

தொகைய பாத்து முடிவு பண்ணாதீங்க. அறிவிச்ச பணம் வேற, இறங்குற பணம் வேற, அதுல எவ்வளவு வெளிநாட்டு மெஷின் வாங்கவே போகுதுங்கிறது வேற. சிங்கப்பூர்ல பல வருஷம் வேலை பாத்த ஹென்றி யங் மாதிரி ஆராய்ச்சியாளருங்க கேக்குறது, உலக உற்பத்தி வலையோட (பல நாட்டு கம்பெனிங்க சேந்து ஒரு சாமான் செய்ற தொடர்போட) ஒரு வட்டாரம் எந்த நிபந்தனையில இணையுதுன்னு. உள்ளூர் ஆளு டிசைன் பண்றானா, இல்ல அனுப்பி வச்ச வரைபடத்தப் பாத்து செய்றானா, அதைப் பாருங்க. இன்னொன்னு, "பினாங்கு"ன்னு சொல்லும்போது கூலிமையும் சேத்துக்கோங்க.

டிப்ளோமா பையன்: அக்கா தலைப்பு கேக்கல, பயப்படாதீங்க. புக்கிட் மிஞ்ஞாக்ல ஒரு லேத்து பட்டறை முதலாளி பேச ஒத்துக்கிட்டாரு. என்ன கேக்கணும்?

சபாஷ். லாபம் எவ்வளவுன்னு ஆரம்பிக்காத, வாய மூடிருவாரு. தொழில் யார்கிட்ட கத்துக்கிட்டீங்க, முதல் ஆர்டர் யார் குடுத்தா, முதல் மெஷினுக்கு காசு எங்கேர்ந்து வந்துச்சு, மெஷின் கெட்டா யாருக்கு போன் போடுவீங்க, உங்ககிட்ட வேலை பாத்து தனியா போனவங்க இப்ப எங்க இருக்காங்க. இந்த அஞ்சும் போதும். பதில்ல வர்ற ஒவ்வொரு ஊர் பேரையும் மேப்புல புள்ளி வச்சு கோடு போடு. அடுத்து, அந்த தனியா போனவங்கள போய் பாரு.