அந்த ஒரு நிமிடம்

அன்புள்ள ஐயா,

பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் காணொளிகளை இப்போதுதான் பார்த்தேன். பனிச்சறுக்கும் துப்பாக்கிச் சுடுதலும் சேர்ந்த பயாத்லானில், பெண்கள் 15 கிலோமீட்டர் பந்தயத்தில் ஜெர்மனியின் டெனிஸ் ஹெர்மான் தங்கம் வெல்கிறார். அவர் நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீராங்கனையாம், பயாத்லானுக்கு வந்ததே 2016-ல்தானாம். அங்கே சோபிக்காமல் இங்கே தாவியவர் போலிருக்கிறது. சிறுவயதிலிருந்தே சுட்டுப் பழகியவர்களை இவர் வென்றது அதிர்ஷ்டம்தானே?

க. ரா.

அன்புள்ள க. ரா.,

‘சோபிக்காமல்’ என்பதை முதலில் அடித்துவிடுங்கள். 2014 சோச்சி ஒலிம்பிக் பனிச்சறுக்குத் தொடரோட்டத்தில் வெண்கலம் வாங்கிய ஜெர்மன் அணியில் அவர் இருந்தார். கையில் ஒலிம்பிக் பதக்கம் இருக்க, 27 வயதில் இன்னொரு விளையாட்டில் புதுமுகமாகப் போய் நிற்பதற்குப் பெயர் தாவல் இல்லை.

சரி, அதிர்ஷ்டத்துக்கு வருவோம். 50 மீட்டர் தள்ளி ஐந்து கருப்பு வட்டங்கள் இருக்கும். படுத்துச் சுடும்போது 45 மில்லிமீட்டர், எலுமிச்சம்பழம் அளவுதான். நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர், ஏறக்குறைய காபி டபராவின் வாய். முதுகில் குறைந்தது மூன்றரைக் கிலோ துப்பாக்கியோடு மூச்சிரைக்க வந்து இதைச் சுட வேண்டும். (நான் இரண்டு மாடி ஏறினாலே பூட்டில் சாவி நுழைய மாட்டேன் என்கிறது.) வேகமாக வருவதையே பழகிய உடம்புக்கு, சுடும் இடத்தில் மூச்சை அடக்குவது புதுப் பாடம். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கிலிருந்து ஹெர்மான் பதக்கமில்லாமல்தான் திரும்பினார். மறு ஆண்டு ஸ்வீடனின் ஓஸ்டர்சுண்டில் துரத்தல் பந்தயத்தில் (முந்தைய பந்தயத்தின் நேர இடைவெளிப்படி ஒருவர் பின் ஒருவராகக் கிளம்புவது) உலகப் பட்டம் வென்றார்.

நீங்கள் பார்த்த பந்தயம் எது என்பதுதான் முக்கியம். துரத்தல், ஸ்பிரிண்ட் (குறுந்தூரப் பந்தயம்) போன்றவற்றில் ஒரு குண்டு தவறினால் 150 மீட்டர் சுற்று ஒன்று கூடுதலாக ஓட வேண்டும். கால் வேகமுள்ளவர் அதை ஈடுகட்டிவிடலாம். 15 கிலோமீட்டர் தனிநபர் பந்தயத்தில் தவறும் ஒவ்வொரு குண்டுக்கும் முழுதாக ஒரு நிமிடம் கூட்டிவிடுவார்கள். வேகக்காரர்களுக்குச் சிறிதும் இரக்கம் காட்டாத பந்தயம் அது. அதில்தான் அவர் 20-ல் 19 சுட்டார். வெள்ளி வாங்கியவரும் ஒரு குண்டுதான் தவறவிட்டார். சுடுவதில் இருவரும் சமம். மீதியைப் பழைய பனிச்சறுக்குக் கால்கள் பார்த்துக்கொண்டன, அதுவும் பத்து விநாடிக்குக் குறைவான இடைவெளியில். 2023-ல் ஜெர்மனியின் ஓபர்ஹோஃபில் ஸ்பிரிண்ட் உலகப் பட்டமும் வென்று, அடுத்த மாதமே ஓய்வு பெற்றார்.

அப்புறம், கால்களாலேயே வென்ற ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் ரஷ்யாவின் அன்ஃபிசா ரெஸ்த்சோவாவைத் தேடுங்கள். 1988 கால்கரியில் பனிச்சறுக்குத் தொடரோட்டத் தங்கம். 1992 ஆல்பர்ட்வில்லில், பெண்கள் பயாத்லான் ஒலிம்பிக்கில் நுழைந்த முதல் ஆண்டிலேயே, ஸ்பிரிண்டில் பத்துக் குண்டில் மூன்றைக் கோட்டைவிட்டும் தங்கம் வாங்கினார்.