விற்கிறவனே "போதும்" என்பது ஏன்?

கேள்வி: தங்கச்சி, மகளும் மருமகனும் பேரப்பிள்ளையும் டொரன்டோவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வர யோசிக்கிறார்கள். மகளின் கணக்கில் கொஞ்சம் விமான மைல்கள் கிடக்கின்றன; அதுதான், அடிக்கடி பறக்கிறவர்களுக்கு விமான நிறுவனம் தருகிற, பிறகு டிக்கெட்டாக மாற்றக்கூடிய புள்ளிகள். குறைகிறதை என் கார்டில் வாங்கிக் கொடுப்போம் என்று இரண்டு முறை வாங்கினேன். மூன்றாம் முறை, "இந்த ஆண்டுக்கான அளவு முடிந்தது" என்று வந்துவிட்டது. காசு நீட்டுகிறவனுக்கு விற்க மாட்டேன் என்பது என்ன வியாபாரம்? இங்கே ஒரு தம்பி, வேறொருவரின் மைலில் மலிவாக டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்

பதில்: மாஸ்டர், கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்கிறேன். வேண்டாம். அந்தத் தம்பியிடம் முற்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

கஸ்தூரியார் வீதியில் டிக்கெட் போடும் கந்தோர் ஒன்றில் 22 வருடம் இருந்தவள் நான். ஒருநாள் விடியற்காலை நாலரைக்கு போன் அடித்தது. சுன்னாகத்து அம்மா ஒருவர், கட்டுநாயக்கா செக்-இன் மேசைக்கு முன்னால் நின்று அழுகிறார். இரவு பஸ்ஸில் போனவர். மகனுக்கென்று கட்டிய பனங்கட்டிக் குட்டான்களும் ஒடியல் மாவும் தராசில் ஏறிவிட்டன, ஆனால் டிக்கெட் இல்லை என்கிறார்கள். இடைத்தரகர் ஒருவர், அம்மாவுக்கு முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் மைல் கணக்கிலிருந்து அதைப் போட்டிருந்தார். மைலை வெளியாளுக்கு விற்பது விதிமீறல் என்று விமான நிறுவனம் அந்தக் கணக்கை மூடியபோது, அதிலிருந்து போட்ட டிக்கெட்டுகளும் போய்விட்டன. நாங்கள் போட்ட டிக்கெட் இல்லை; கூப்பிட வேறு ஆள் தெரியாமல் என்னைக் கூப்பிட்டார். அடுத்த நாள் காலை நான் கந்தோர் திறக்க வந்தபோது, அதே குட்டான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியில் இருந்தார். தரகரின் போன் அதற்குள் வேலை செய்யவில்லை.

உங்களை மறித்த அந்த உச்சவரம்பு இருப்பதற்கு ஒரு பெரிய காரணம் இப்படியான தரகர்கள்தான். மைல் விற்பனைக்கு நிறுவனங்கள் அடிக்கடி விலைக்கழிவு போடும்; வாங்கும் அளவுக்கு மேலதிகமாகவும் மைல் கொடுக்கும். அந்த நேரம் பார்த்து ஒரே ஆள் லட்சக்கணக்கில் அள்ளி, பிசினஸ் வகுப்பு டிக்கெட்டாக மாற்றி வெளியில் விற்றால், முழு விலை கொடுக்கிற பயணிகள் கையை விட்டுப் போவார்கள். திருட்டுக் கார்டும் ஒரு காரணம். களவெடுத்த கார்டில் மைல் வாங்கி, அதில் டிக்கெட் போட்டு, கார்டுக்காரர் முறையிடும் முன்னே ஆள் பறந்துவிடலாம். வரம்பு இருந்தால் நட்டமும் அந்த மட்டில் நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. மைல் என்பது நிறுவனம் உங்களுக்குப் பட்ட கடன். என்றைக்கோ ஒருநாள் ஆசனம் தருவேன் என்ற வாக்கு அது. 1981இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ் தன் திட்டத்தைத் தொடங்கியபோது, அது அடிக்கடி பறக்கிறவர்களுக்கான சன்மானம். பிறகு வங்கிகளுக்கு மைலை மொத்தமாக விற்பதே தனி வியாபாரமாகிவிட்டது. கொரோனாக் காலத்தில், 2020இல் யுனைடெட் தன் மைல் திட்டத்தை ஈடு வைத்து 6.8 பில்லியன் டொலர் திரட்டியது. 2021இல் அமெரிக்கன் 10 பில்லியன். அவ்வளவு பெறுமதியான ஒன்றைக் கட்டுப்பாடில்லாமல் அச்சடித்தால் அதன் மதிப்பு விழும். ஏற்கெனவே மைல் சேர்த்து வைத்திருக்கிற உங்கள் மகளுக்கும் அது நட்டம்தான்.

சரி, உங்கள் காரியத்துக்கு வருவோம். இந்த வரம்பு பெரும்பாலும் ஒரு கணக்குக்கு, ஜனவரி முதல் டிசம்பர் வரை. மருமகனுக்குத் தனிக் கணக்கு இருந்தால் அவருக்குத் தனி வரம்பு. எயர் கனடாவின் மைல் திட்டமான ஏரோபிளான் என்றால் குடும்பத்தில் எட்டுப் பேர் வரை பொயின்ற்ஸை (அங்கே மைலுக்கு அதுதான் பெயர்) ஒன்றாகச் சேர்த்துப் பாவிக்கலாம். எயர் கனடா கட்டுநாயக்காவுக்கு வராவிட்டாலும், அந்தப் பொயின்ற்ஸில் சிங்கப்பூர் எயர்லைன்ஸ், எயர் இந்தியா போன்ற பங்காளிகளில் டிக்கெட் எடுக்கலாம்.

ஆனால் இனி ஒரு மைலும் வாங்க முன்னம், ஆசனம் இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். திருவிழா 25 நாள் என்றாலும் எல்லோரும் தேருக்குத்தான் வர நிற்பார்கள். ஆடி, ஆவணி கனடாவில் பள்ளி விடுமுறையும்கூட. மைலுக்கென்று ஒதுக்கும் ஆசனம் எப்போதும் கொஞ்சம்தான். மூன்று பேருக்கு ஒரே விமானத்தில் கிடைப்பது கஷ்டம். வாங்கிய மைலுக்குக் காசு திரும்பி வராது.

ஒரு கணக்குப் போடுவோம். 1,000 மைல் 30 டொலர் என்று வைத்தால் 60,000 மைலுக்கு 1,800 டொலர். வரியும் கட்டணங்களும் வேறு. சாதாரண வகுப்பு டிக்கெட் 1,500 டொலருக்குக் கிடைக்குமென்றால் எதற்கு மைல்? ஓராயிரம், ஈராயிரம் மைல் குறைகிறபோது வாங்கி நிரப்புவது நல்லது. முழுவதையும் காசுக்கு வாங்குவது சாதாரண வகுப்புக்குக் கட்டாது. உங்கள் ஓய்வூதியக் காசு, மாஸ்டர். இருக்கிற மைலில் ஒருவருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு மற்ற இருவருக்கும் காசு கொடுத்து எடுங்கள்.

கேள்வி: அக்கா, மைல் வாங்கிய பிறகு கார்ட் பில்லில் விமான நிறுவனத்தின் பெயரே இல்லை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: பயப்படாதீர்கள் தங்கச்சி. பல நிறுவனங்கள் மைல் விற்பனையை "பொயின்ற்ஸ்" என்ற, டொரன்டோவில் தொடங்கிய நிறுவனம் மூலம் செய்கின்றன. பில்லில் அந்தப் பெயரா என்று பாருங்கள். மைல் கணக்கில் ஏறியிருந்தால் பிரச்சினை இல்லை. டொலர் கணக்கில் போவதால் வங்கி தன் மாற்று விகிதத்தையும் கட்டணத்தையும் சேர்த்திருக்கும். அதையும் கூட்டித்தான் விலையைப் பாருங்கள்.

கேள்வி: பலாலியிலிருந்து சென்னைக்குப் போனால் மைல் சேருமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: 2024 செப்டெம்பரிலிருந்து இண்டிகோ அந்தப் பாதையில் பறக்கிறது. அவர்களுக்குச் சொந்தத் திட்டம் இருக்கிறது. பறப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மணித்தியாலம்தான், அதனால் சேருவதும் சொற்பம். ஆனாலும் இலவசமாகப் பதியலாம். டிக்கெட் போடும்போதே உறுப்பினர் இலக்கத்தைக் கொடுங்கள்; பெயர் கடவுச்சீட்டில் இருக்கிறபடி, ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கட்டும்.