லண்டன் கடையில் ரீவி: எத்தனை லைசன்ஸ் எடுக்க வேண்டும்?

கேள்வி: நான் பரந்தனில் இருந்து, லண்டனில் இருக்கும் அத்தானின் கடைக் கணக்குகளை இன்டர்நெட்டில் பார்த்துக் கொடுக்கிறேன். அவருக்கு ஒரு சாப்பாட்டுக் கடை, அதன் மேல்மாடியில் வேலையாட்கள் தங்குமிடம், வேறு தெருவில் ஒரு பலசரக்குக் கடை. ரீவி லைசன்ஸ் (பிரித்தானியாவில் ரீவி பார்க்க ஆண்டுதோறும் கட்டும், பிபிசியை நடத்தப் போகும் கட்டணம்) எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. "பிபிசியே பார்ப்பதில்லை, ஓடுவதெல்லாம் தமிழ்ச் சனல், பிறகேன் காசு?" என்கிறார். எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பதில்: அத்தானின் வாதம் அங்கே எடுபடாது. எந்த நாட்டு, எந்த மொழிச் சனலாக இருந்தாலும், நேரலையாக ஓடினால் லைசன்ஸ் வேண்டும். டிஷ், இன்டர்நெட் பெட்டி, போன், எதில் பார்த்தாலும் இதேதான். தமிழ்ச் செய்திச் சனலை யூடியூப்பில் நேரலையாகப் போட்டாலும் கட்ட வேண்டும். பழைய பட்டிமன்றத்தை யூடியூப்பில் போட்டால் இந்த லைசன்ஸ் தேவையில்லை. சிசிரிவி மட்டும் காட்டும் திரைக்கும் தேவையில்லை. பிபிசி நிகழ்ச்சிகளை இன்டர்நெட்டில் பார்க்கும் ஐபிளேயருக்கு மட்டும், நேரலையோ பழையதோ, எப்போதும் வேண்டும்.

இங்கே நாங்கள் டிஷ்ஷுக்கு ரீலோட் போடுவதோடு கதை முடிகிறது. அதனால் ரீவி எத்தனை என்று எண்ணத் தோன்றும். அங்கே முகவரிகளை எண்ணுங்கள். ஒரு கடைக்குள் பத்து ரீவி இருந்தாலும் ஒரே லைசன்ஸ்தான். 2025 ஏப்ரலில் ஒன்றின் ஆண்டு விலை 174.50 பவுணாக இருந்தது, அதற்கு முந்தைய ஆண்டு 169.50. ஏப்ரலில்தான் விலை மாறும் என்பதால் அந்த மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கடைகளுக்கும் இரண்டு. மேல்மாடியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே கட்டடம் என்றாலும் ஆட்கள் குடியிருக்கும் இடத்தைக் கடை லைசன்ஸ் உள்ளடக்காது. அங்கேயும் நேரலை பார்த்தால் மூன்றாவது வேண்டும்: 2025 விலையில் மொத்தம் 523.50 பவுண். அறைக்கு அறை தனி வாடகை ஒப்பந்தம் என்றால் அறைக்கொன்று கேட்பார்கள், அதை அத்தானிடம் விசாரியுங்கள். இதற்கு வற் (VAT, பெறுமதி சேர் வரி) கிடையாது, எனவே திரும்பக் கேட்கும் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.

வேலையாள் தன் போனில் கிரிக்கெட் பார்ப்பது வேறு விஷயம். அவர் வீட்டுக்கு லைசன்ஸ் இருந்து, போன் பட்டரியில் ஓடினால் பிரச்சினை இல்லை. சார்ஜரைக் கடை பிளக்கில் செருகிக்கொண்டு பார்த்தால் கடைக்கு லைசன்ஸ் தேவை. வேடிக்கையான விதிதான், ஆனால் உண்மை.

பிடிபட்டால் அபராதம் 1,000 பவுண் வரை போகலாம், வழக்குச் செலவு வேறு. ஒருவரும் நேரலை பார்ப்பதில்லை என்றால் கடிதத்தைக் குப்பையில் போடாமல், லைசன்ஸ் தேவையில்லை என்று அவர்களின் இணையத்தளத்தில் அறிவித்துவிடலாம். மின்னஞ்சலில் இதே பெயரில் போலிகள் நிறைய வரும், அதில் உள்ள இணைப்பைத் தொட்டுக் காசு கட்ட வேண்டாம்.

அப்புறம், சாப்பாட்டுக் கடை ரீவியில் பாட்டுச் சத்தம் வாடிக்கையாளர் காதில் விழுந்தால் இசைக்குத் தனி லைசன்ஸ் இருக்கிறது. அதைக் கொடுப்பது பிபிஎல் பிஆர்எஸ் என்ற நிறுவனம். ரீவி லைசன்ஸ் எடுத்தவர்கள் அதையும் எடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறார்கள், கணக்கில் அதற்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.